டேப் பிடித்த வீரையன்

என் அப்பா வீரையன் எங்கள் ஊர் ஏரியின் லஸ்கர். மதகு ஷட்டர்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. சோழர் காலத்து ஏரி என்று கோயில் கல்வெட்டு சொல்கிறது. இருபத்தாறு வருஷமாக ஷட்டர் சாவியை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. ஆனாலும் ஊரில் அவர் பெயர் ‘டேப் புடிச்ச வீரையன்’.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஜீப்பில் வந்த மூன்று பேர் ஓர் இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினார்கள். நான் கல்லூரியில் முதல் வருஷம். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். பாதிதான் புரிந்தது. “ஏரியோட வரலாற்று ஆராய்ச்சிப்பா” என்றேன். அப்பா பெருமையாக அவர்களுக்கு அளவு டேப் பிடித்தார். இரண்டு மாதத்தில் சம்பா வயல்களில் மஞ்சள் கற்கள். எரிவாயுக் குழாய்க்கு அளந்திருக்கிறார்கள். ஊர் திரண்டு கற்களைப் பிடுங்கிப் போட்டது. அப்பாவுக்கு வந்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. காகிதத்தைப் படித்தது யாரென்று அப்பா யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போன புரட்டாசியில் ஒரு சாயங்காலம், ஆரஞ்சு நிறப் படகொன்று மதகடியில் ஒதுங்கியது. அறுபது வயது மதிக்கத்தக்க கணவன் மனைவி. கையில் அடி அடியாகக் கோடு போட்ட மூங்கில் கழி, ஒரு நோட்டு.

“கரூர்லிருந்து வர்றமுங்க. திருக்கடையூர்ல எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். முழுக்கத் தண்ணி வழியாவே வர்றதா வேண்டுதல். இந்த மதகுக் கொட்டகையில இன்னைக்குத் தங்கிக்கலாமுங்களா?” என்றார் கணவர் பரணிதரன்.

அப்பா உடனே, ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் லஸ்கர் ஜெக்கரியாவுக்குப் போன் போட்டார். இருவரும் தினமும் காலையில் நீர்மட்டம் சொல்லிக்கொள்கிறவர்கள்.

“படகா? காலையிலேர்ந்து இங்கதாண்ணே நிக்கிறேன். ஒண்ணும் போகலியே.”

அதற்குள் பைக்கில் வந்து நின்றார் பக்கத்து வயல் செந்தில்குமார். “என்னண்ணே, மறுபடியும் டேப் புடிக்கப் போறீங்களா?”

நோட்டைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். “படிச்ச புள்ள, நீ சொல்லு.”

தேதி, மதகின் பெயர், ஆழம். எல்லாம் இங்கிலீஷில். அப்பா என்னையே பார்த்தார்.

“ஆழம் எழுதியிருக்கு. எதுக்குன்னு எனக்குத் தெரியலப்பா” என்றேன்.

அப்பா படகைக் கவிழ்த்துப் பார்த்தார். கயிற்று முடிச்சில் வைக்கோல் சிக்கியிருந்தது. “இது வண்டி ஏறின படகு. எங்க ஏத்துனீங்க?”

பரணிதரன் தலை குனிந்தார். அவர் மனைவி ஈஸ்வரிதான் பேசினார். “ஆகாயத்தாமரை அடைச்சுக்கிச்சுங்க. இவருக்கும் கால் வீங்கிப்போச்சு. வைக்கோல் ஏத்துன வேன்ல நாலு மைல் வந்தோம்.”

“ஏம்புள்ள, அதையும் சொல்லோணுமா?” என்றார் பரணிதரன். “சாமிகிட்ட நானே சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“சர்வேக்காரனும் இப்படித்தான் கதை வச்சிருப்பான்” என்றார் செந்தில்குமார்.

“தங்கட்டும். நோட்டு என்கிட்ட இருக்கட்டும். நானும் கொட்டகை வாசல்லயே இருக்கேன்” என்றார் அப்பா.

“நாளைக்குக் கல்லு நட்டா?”

“எம் பேரைச் சொல்லு. சொல்லிக்கிட்டுதானே இருக்கீங்க.”

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. “அன்னைக்கு அந்தக் காகிதத்தைப் படிச்சுத் தப்பா சொன்னது நான்தாண்ணே. அப்பா இல்ல.”

செந்தில்குமார் அப்பாவைப் பார்த்தார். அப்பாவோ என் மேல் பாய்ந்தார். “இப்ப உன்ன யாரு கேட்டா?”

செந்தில்குமார் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

விடிந்ததும் படகு கிளம்பியது. அப்பா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த மதகின் லஸ்கருக்குப் போன் போட்டார். “ஆரஞ்சு படகு ஒண்ணு வருது. வந்தா சொல்லு. வரலன்னாலும் சொல்லு.”

பிறகு வரப்பில் இறங்கினார், வயலில் புதுக்கல் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க. நான் வாய்க்காலின் எதிர்க்கரையில் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் இல்லை.

“இல்லப்பா” என்று கத்தினேன்.

“ரெண்டு மாசம் போவட்டும்” என்றார்.