நஸ்ரியா நகர்த்திய கடிகாரம்

பொழுது சாய்ந்த பிறகுதான் நஸ்ரியாவுக்கு மூளை சூடு பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோவை உக்கடத்தில் அவர்கள் வீட்டில் எல்லோரும் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்தால் அதோடு நாள் தொடங்கிவிடும். இவள் மட்டும் தொழுத கையோடு மறுபடி பாயில் சுருண்டுகொள்வாள். “நின்னுட்டே தூங்கறவள எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? எங்கூட்டுக்கு வாங்க” என்று அவள் அம்மா உம்மல் குல்சும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சரவணம்பட்டியில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு சப்டைட்டில் எழுதும் வேலை கிடைத்தபோது, மதியம் தொடங்கும் அந்த ஷிப்ட் அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

வம்பு கார் பந்தயத்தால் வந்தது.

அண்ணன் ஷேக் பரீத் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பழைய சின்னக் கார் ஒன்றைத் தானே பிரித்துப் பூட்டி ராலிகளில் ஓட்டுகிறான். ராலியில் மண் தடத்தில் ஒவ்வொரு காராக விடுவார்கள். குறைந்த நேரத்தில் கடந்து வருபவருக்கு வெற்றி. ஒரு நாளில் பல சுற்றுகள். ஓட்டுபவனுக்கு அடுத்த வளைவு எப்படி என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான், முன்பே தடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பை ஹெல்மெட் மைக்கில் வாசித்துக்கொண்டே வர வேண்டும். அந்த இருக்கை நஸ்ரியாவுடையது. “வலது லேசு, மிதி! மேடு. இடது கொண்டை ஊசி, உள்ள வெட்டாத, கல்லு!” அவள் குரலை நம்பித்தான் அவன் கால் இறங்கும். சில வளைவுகளுக்கு அவளே பேரும் வைத்திருந்தாள். அடுத்தடுத்து நெளியும் இடம் முறுக்கு. உருண்டு திரும்பும் இடம் போண்டா.

போன வருடப் பந்தயத்தில், விடிந்தும் விடியாத முதல் சுற்றில், அவள் கண் தாளில்தான் இருந்தது. மனசு மட்டும் அலுவலகத்தில் பாதியில் விட்ட ஒரு வசனத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டது. ஒரு வரி தவறியது. “வலது லேசு” என்றாள். அங்கே இருந்தது கொண்டை ஊசி. கார் சோளக்காட்டுக்குள் புகுந்து, அச்சு முறிந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. பரீத் அவள் ஹெல்மெட்டில் சிக்கியிருந்த சோள இலையை எடுத்துப் போட்டுவிட்டு, “எங்கயாச்சும் அடி பட்டுச்சா கண்ணு?” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

கூட வேலை பார்க்கும் யுவஸ்ரீ மனோதத்துவம் படித்தவள். ஒரு நாள் கேன்டீனில் நஸ்ரியா அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். “சாயங்காலச் சுற்றுல எங்கள அடிச்சுக்க ஆளில்ல யுவா. காலையில மட்டும் சொதப்பறேன். சோம்பேறிதான் போல.”

“யாரு சொன்னா? உன் உடம்புக்குள்ள ஓடற கடிகாரம் கொஞ்சம் தாமதமா ஓடுது. சில பேருக்கு அப்படித்தான் அமையும். விடியக்காலம் நீ கண்ண முழிச்சிருந்தாலும் உன் மூளைக்கு அது இன்னும் ராத்திரி. அந்த நேரத்துல மனசு பிடியில நிக்காது.”

“மாத்த முடியுமா?”

“அடியோட மாத்தறது கஷ்டம். நகர்த்தலாம். எழுந்ததும் வெளிச்சத்துல போய் நில்லு. பொழுது இறங்கினா ஊட்டு லைட்டக் கொறச்சுரு, ஃபோன அப்பால வெய். ஒரே நாள்ல இழுக்காத, கொஞ்சம் கொஞ்சமா.”

“மனசு ஓடிருச்சுன்னா?”

“ஓடத்தான் ஓடும். ஓடிருச்சுன்னு எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கறேங்கறதுதான் விஷயம். திட்டாத. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துரு.”

நஸ்ரியா இந்த வருடப் பந்தயம் முடியும்வரை காலை ஷிப்ட் கேட்டு வாங்கினாள். தொழுகை முடிந்ததும் பாய் பக்கம் திரும்பாமல் உக்கடம் பெரியகுளத்துக் கரைக்கு நடந்தாள். முதல் சில நாட்கள் நரகம். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பிறகு தூக்கத்தை விரட்ட, பழைய பந்தயக் குறிப்புகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். “இடது கூர்மை, பள்ளம், போண்டா!” வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். “ஏனுங்க அம்மணி, போண்டாவா? எந்தக் கடையிலீங்க?”

ராத்திரிச் சோறு முடிந்ததுமே அவள் கொட்டாவி விட்ட அன்று, உம்மல் குல்சும் பதறி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சலா கண்ணு?” அதற்குச் சில நாள் கழித்து ஒரு விடியலில் அலாரம் அடிக்கும் முன்பே அவளுக்குக் கண் திறந்தது. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இல்லை. வெளியே குருவிச் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. வயிறு பசித்தது. காலையில் பசிக்கிறது! “அண்ணே, எனக்குப் பசிக்குது!” என்று கத்திக்கொண்டு போய்ப் பரீத்தின் கதவைத் தட்டினாள். அவன் என்னமோ ஏதோ என்று அலறி எழுந்தான்.

பந்தயம் பல்லடம் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் செம்மண் தடங்களில். முதல் சுற்று விடிந்ததும். கொடி இறங்கியது. கார் சீறிப் பாய்ந்தது. நஸ்ரியாவின் குரல் வளைவுக்கு ஒரு மூச்சு முன்னால் ஓடியது. எதிரே ஒரு காற்றாலையின் இறக்கை மெல்லச் சுழன்றது. அம்மாவின் மாவரைக்கும் கிரைண்டர் ஞாபகம் வந்தது. கிரைண்டர் பெல்ட்... ஓடிருச்சு! உடனே தெரிந்துவிட்டது. திட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். ஒரு வரியும் தவறவில்லை. “வலது முறுக்கு, முழு மிதி!”

முறுக்கு முடியும் இடத்தில் காதுக்குள் கர்ரென்று ஒரு சத்தம். மைக் செத்துப்போனது. பரீத்தால் அவளைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது, மெதுவாக்கவும் அவனுக்கு மனமில்லை. நஸ்ரியா சட்டென்று கையை அவன் கண்ணெதிரே நீட்டினாள். உள்ளங்கை இடது பக்கம் சாய்ந்தால் இடது. மடக்கிய முஷ்டி என்றால் கொண்டை ஊசி. ஒர்க்‌ஷாப்பில் விளையாட்டாகப் பேசி வைத்திருந்த சைகைகள்! அவன் தலை அசைந்தது. புரிந்துகொண்டான். முஷ்டி. கார் வழுக்கித் திரும்பியது. உள்ளங்கை. புழுதி கண்ணாடியை மூடியது. தடத்தில் ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓட, அவள் அவன் தோளில் ஓங்கி அறைந்தாள். பிரேக்! மயில் தப்பியது, அவர்களும் தப்பினார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஒருவர் கத்தியது மற்றவருக்குக் கேட்கவில்லை.

நேரம் பலகையில் ஏறியது. அவர்கள் பிரிவில் முதலிடம். காலைச் சுற்றில்! நஸ்ரியா பரீத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதியது.

சாயங்காலம்தான் வேடிக்கை. மைக்கைச் சரிசெய்து கடைசிச் சுற்றுக்கு வரிசையில் நிற்கும்போது அவளுக்குத் தாடை கழன்றுவிடும்போல் கொட்டாவி வந்தது. பரீத் விழுந்து விழுந்து சிரித்தான். “நம்ம கோட்டை சாயங்காலம்னு இருந்தேன். அதையும் நகர்த்திப்போட்டியா?” அவள் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு தொண்டை வலிக்கக் குறிப்பை வாசித்தாள். மயிரிழையில் முதலிடம் போனது. மொத்தத்தில் இரண்டாமிடம்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மயில், முஷ்டி, பலகை, மறுபடி மயில். “அடுத்த தடவ கடைசிச் சுற்றுக்கு முன்னால கார்லயே குட்டித் தூக்கம் போட்டுர்றேன். நீ எழுப்பி உடு. அப்பறம் பாரு அண்ணே!”

“நீ தூங்கு கண்ணு” என்றான் பரீத், “நான் காவல் இருக்கறேன்.”

அவளோ அடுத்த தடத்துக்கு என்னென்ன சைகைகள் வேண்டும் என்று விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.