தண்ணீர் வாரத்தில் ஒரு நீலத் துணி

கண்ணாடி மிஸ்ஸுக்குக் கோபம் மூக்கின் மேல் என்பார்கள். மூக்கின் மேல் இருந்தது கண்ணாடிதான். கோபம் அதற்குக் கொஞ்சம் மேலே, இரண்டு புருவங்களுக்கு நடுவில் நிரந்தரமாகக் குடியிருந்தது. பத்தொன்பது வருடமாக நான்கு வயதுப் பிள்ளைகளோடு முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததில் மூட்டு தேய்ந்ததுதான் மிச்சம். ஆனால் அந்தக் கோபத்தை எந்தப் பிள்ளையும் பார்த்தது கிடையாது. அதைப் பெரியவர்களுக்கென்றே பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கே அது வெளியே வந்துவிட்டது. அவள் வேலை பார்த்த மழலையர் பள்ளியில் வாரத்துக்கு ஒரு பொருள். போன வாரம் பழங்கள், அதற்கு முந்திய வாரம் வண்டிகள். இந்த வாரம் தண்ணீர். முதல் நாள் மிதப்பதும் மூழ்குவதும், பிறகு மழை, படகு, மீன் என்று போய், வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பதோடு முடியும். தலைமை ஆசிரியை, அதாவது பெரிய மிஸ், திட்டத்தை அழகாக அச்சடித்து வகுப்புக் கதவில் ஒட்டியிருந்தார். அதன் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: வகுப்பறையில் தண்ணீர் பயன்படுத்தக் கூடாது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் படித்தாள். வரி மாறவில்லை. நேராக அலுவலக அறைக்குப் போனாள்.

"மேடம், தண்ணி வாரத்துக்குத் தண்ணி வேண்டாம்னு போட்டிருக்கு."

"போன வருஷம் ஒரு அம்மா வந்து சாக்ஸ் நனைஞ்சுபோச்சுன்னு சண்டை போட்டாங்களே, மறந்துட்டீங்களா? இப்ப புதுசா தரைவிரிப்பு வேற போட்டிருக்கு." பெரிய மிஸ் மேசைக்கடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். "நீலத் துணி வாங்கி வெச்சிருக்கேன். நாலு நாற்காலில இழுத்துக் கட்டுங்க. அசல் குளம் மாதிரியே இருக்கும். போட்டோவுலயும் நல்லா வரும்."

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. பத்தொன்பது வருட அனுபவம் அதை விழுங்க வைத்தது. அவள் துணியை வாங்கிக்கொண்டு போய், தன் கையாலேயே நாலு நாற்காலியில் சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டினாள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "இதுதான் தண்ணி" என்று சொன்னாள். அந்தப் பொய்யைச் சொன்ன வாயை அன்று முழுவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இலையை வைத்தார்கள், நின்றது. பென்சிலை வைத்தார்கள், நின்றது. கல்லை வைத்தார்கள், அதுவும் கம்பீரமாக நின்றது. "கல் மூழ்கும்" என்று அவள் அட்டையில் இருந்த படத்தைக் காட்டினாள். பதினேழு பிள்ளைகள் "மூழ்கும்" என்று பாடின. பதினெட்டாவது பிள்ளை மட்டும் எழுந்து வந்து, துணிக்கு அடியில் குனிந்து பார்த்தது.

அவளுக்கு வகுப்பில் சுருட்டை என்று பெயர். தலைமுடி அப்படி. ஒன்றைக் கண்ணால் பார்த்துத் தொட்டு முகர்ந்து முடிக்காமல் அடுத்ததற்கு நகர மாட்டாள். கையைக் கழுவச் சொன்னால் குழாயை ஆராய்ச்சி செய்துவிட்டுத்தான் வருவாள். கண்ணாடி மிஸ்ஸுக்கு அவளைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பள்ளிக்கு அவள் ஒரு தலைவலி.

"மிஸ், கல்லு மேலயே இருக்கு" என்றாள் சுருட்டை.

மணி அடித்து மிஸ்ஸைக் காப்பாற்றியது.

மறுநாள் பெரிய மிஸ் கேமராவும் மதிப்பீட்டுத் தாள்களுமாக வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம். தெரிந்தால் டிக், தெரியாவிட்டால் பெருக்கல் குறி. மூன்று பெருக்கல் விழுந்தால் அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகாது. இன்னொரு வருடம் அதே அறை, அதே நாற்காலி. சுருட்டைக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. ஒன்று, எல்லோரும் சேர்ந்து பாடும்போது பாடாமல் நின்றதற்கு. இன்னொன்று, வாழைப்பழத்துக்குப் பழுப்பு வண்ணம் அடித்ததற்கு. அவள் வீட்டில் இருந்த பழம் கனிந்து பழுப்பாக இருந்தது என்பது கட்டத்துக்குள் அடங்காத விஷயம்.

"கல்லைத் தண்ணில போட்டா என்ன ஆகும், சொல்லு பார்ப்போம்?"

சுருட்டை நீலத் துணியை ஒரு தடவை பார்த்தாள். "மேலயே இருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நேத்து பார்த்தேனே."

பெருக்கல் குறி விழுந்தது. "வெள்ளிக்கிழமை பேரன்ட்ஸ் முன்னாடி இன்னொரு சான்ஸ் தரலாம். அதுலயும் சொல்லலைன்னா நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க" என்று பெரிய மிஸ் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். கையெழுத்து வகுப்பு ஆசிரியையுடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. குழி வெட்டுவது ஒருவர், தள்ளிவிடுவது இன்னொருவர் என்று கண்ணாடி மிஸ் பல்லைக் கடித்தாள்.

கண்ணாடி மிஸ்ஸின் கணவர் குழாய் வேலை செய்பவர். அன்று சாயங்காலம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தவரிடம் அவள் கொட்டித் தீர்த்தாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டுபோறவர் பொண்டாட்டி நான். ஒரு துணியைக் காட்டித் தண்ணின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்க. எங்க பள்ளிக்கூடத்துல சுரைக்காய் ஏட்டுலகூட ஒழுங்கா இல்ல."

"அந்தப் புள்ள சொன்னது சரிதானே?" என்றது தொட்டிக்கு அடியிலிருந்து வந்த குரல்.

"சரிதாங்க. அதுதானே எனக்கு வயித்தெரிச்சல்."

"அப்போ தப்பு யாருது?"

அவள் பாத்திரத்தை எடுத்து வேகமாகத் தேய்க்கத் தொடங்கினாள். அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் சுருட்டையின் அப்பா வந்தார். பேருந்து ஓட்டுபவர், சீருடையோடு வந்திருந்தார். வீட்டுக்கு அனுப்பிய குறிப்பேட்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க மிஸ். எனக்கே வெட்கமா போச்சு. கல்லு மிதக்கும்னு சொல்லியிருக்கா. ரெண்டு நாளா நிக்க வெச்சுச் சொல்ல வெச்சிருக்கேன். நாளைக்குக் கரெக்டா சொல்லிடுவா."

"அடிச்சீங்களா?"

"ஐயோ, இல்ல மிஸ். கொஞ்சம் சத்தம் போட்டேன், அவ்ளோதான்."

அவளுக்கு அந்த மனிதர் மேல் கோபப்பட ஆசையாக இருந்தது. முடியவில்லை. பள்ளி தப்பு என்று எழுதி அனுப்பினால் பெற்றவர் என்ன செய்வார்? அன்றைக்குச் சுருட்டை எதையும் குனிந்து பார்க்கவில்லை. காகிதப் படகு மடிக்கும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் மிஸ்ஸின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். சரியா தப்பா என்று அதில் எழுதியிருக்கிறதா எனத் தேடினாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கண்களில் அந்தப் பார்வை வந்து உட்கார்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை அதைக் கொண்டுவந்து உட்கார வைத்தது அவளே.

வெள்ளிக்கிழமை வகுப்பு ஜோடனையில் மூச்சுத் திணறியது. பஞ்சு மேகம், வெள்ளி மீன், நடுவில் நீலக் குளம். பெற்றோர் சுவரோரமாக நின்றார்கள். பெரிய மிஸ் சிரித்த முகத்தோடு சுருட்டையை முன்னால் அழைத்தார்.

"கல்லைத் தண்ணில போட்டா என்ன ஆகும்?"

சுருட்டை துணியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "மூழ்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய மிஸ் அங்கேயே பெருக்கல் குறியை டிக்காக மாற்றினார். அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். பிரச்சினை தீர்ந்தது, கண்ணாடி மிஸ் பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஏன் மூழ்கும் கண்ணு?" என்று கேட்டாள்.

"அப்பா சொன்னாங்க."

கண்ணாடி மிஸ் வாசல் பக்கம் திரும்பி, "ஆயாம்மா, கொண்டுவாங்க" என்றாள். வகுப்பில் உதவிக்கு இருக்கும் ஆயாம்மா, பொம்மைகள் போட்டு வைக்கும் பெரிய தொட்டியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். அதை இரண்டு கையாலும் சுமந்து வந்து தரைவிரிப்பின் நட்ட நடுவில் வைத்தாள். பாதி வழியிலேயே கொஞ்சம் சிந்தியது.

"மிஸ், தரை..." என்றார் பெரிய மிஸ்.

"நான் துடைச்சுக்கிறேன் மேடம்."

கல்லைச் சுருட்டையின் உள்ளங்கையில் வைத்தாள். சுருட்டை அப்பாவைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் ஒன்றும் கிடைக்காததால் தண்ணீரைப் பார்த்தாள். போட்டாள். கல் சட்டென்று அடியில் போய் உட்கார்ந்தது.

முழங்கை வரை கையை விட்டு எடுத்தாள். மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை போடும்போது தொட்டியோரம் குனிந்து, மூக்கு நனைய உள்ளே பார்த்தாள். பிறகு ஈரக் கல்லை எடுத்துக்கொண்டு நீலக் குளத்துக்குப் போய், நடுவில் வைத்தாள். கல் நின்றது. அதைச் சுற்றித் துணியில் ஈரம் பரவியது.

"அப்பா, இது தண்ணி இல்ல" என்றாள். "துணி."

அப்பா குனிந்து அவள் உயரத்துக்கு வந்தார். "ஆமாம்மா. நீ முதல்லயே சரியாத்தான் சொல்லியிருக்க. அப்பாதான் பார்க்காம கத்திட்டேன்" என்றார். அவள் அவர் சீருடைச் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டாள்.

பெற்றோர் போன பிறகு, ஈரத் தரைவிரிப்பின் மேல் நின்றுகொண்டு பெரிய மிஸ் தாளை நீட்டினார். "டிக் போட்டாச்சு. கையெழுத்தைப் போடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"இந்த டிக் எதுக்கு மேடம்? நிக்க வெச்சு மனப்பாடம் பண்ண வெச்சதைச் சொன்னதுக்கா?"

"அவ மேல் வகுப்புக்குப் போகணுமா வேண்டாமா?"

"போவா. நீங்க எதுக்குப் பெருக்கல் போட்டீங்களோ அதைச் சொன்னதுக்காகவே போவா."

அவள் டிக்கின் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில், செவ்வாய்க்கிழமை பிள்ளை சொன்ன பதில் சரி என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு மேசையிலிருந்து நிரப்பாத மதிப்பீட்டுத் தாள் ஒன்றை எடுத்து, மாணவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். தண்ணீர் வாரத்துக்கான கட்டத்தில், அழுத்தி, ஒரு பெருக்கல் குறி போட்டாள். இரண்டு தாள்களையும் பெரிய மிஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டு, துடைப்பதற்குத் துணி தேடினாள். நாற்காலியில் கட்டியிருந்த நீலத் துணிதான் கைக்கு எட்டியது. அவிழ்த்துத் துடைத்தாள். தண்ணீரை அது நன்றாகவே உறிஞ்சியது.