எதிக்ஸுக்கு மூணு மணி நேரம் பாக்கி

எச்.ஆர். வேலைங்கறது கம்பெனில இருக்கற எல்லார்த்து பொலம்பலையும் கேட்டுட்டு, நம்ம பொலம்பலைச் சொல்றதுக்கு ஒரு கதவு கெடைக்காம சுத்தற வேலைங்க. இதைப் படிக்கறவிங்கள்ல பாதிப் பேரு அதே மாதிரிச் சீட்டுலதான் உக்காந்திருப்பீங்க. வாங்க, சித்தெ கூட உக்காந்து ஒரு பெருமூச்சு உட்டுக்கலாம்.

செவப்பு வரி

நான் காலேஜுப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்குனதில்லீங்க. துடியலூர் தாண்டி ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி. கேட்டோரமா டைம் ஆபீஸ்ல அட்டெண்டன்ஸ் போட்டுட்டு இருந்தவ நான். மூணு வருசத்துக்கு முன்னால சின்ன மொதலாளி வந்து, "வெளிநாட்டுப் பார்ட்டிங்க எச்.ஆருக்கு சர்டிபிகேட் இருக்கான்னு கேக்கறாங்க மல்லிகாக்கா, நீங்களே பரீட்சை எழுதிருங்க"ன்னாரு. எழுதுனன். தலைமுடி பாதி கொட்டிப்போச்சு, சர்டிபிகேட் வந்துச்சு, ஏ.சி. ரூம்ல ஒரு சீட்டும் வந்துச்சு.

அதோட உட்டாங்களா? மூணு வருசத்துக்கு ஒருக்கா அதைப் புதுப்பிக்கோணுமாம். அதுக்கு இத்தனை மணி நேரம் கிளாஸ் கேட்டன்னு கணக்குக் காட்டோணுமாம். நானும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸு, தீப்புடிச்சா அந்தச் செவப்பு சிலிண்டரை எப்படிப் புடிக்கறதுன்னு ஒண்ணு உடாமப் போயி உக்காந்து கொட்டாவி உட்டுட்டு வந்தன். மாசக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கறப்ப கம்ப்யூட்டரைத் தொறந்து பாத்தா எல்லா வரியும் பச்சை, ஒரே ஒரு வரி செவப்பு. எதிக்ஸுங்கற நேர்மைப் பாடம், மூணு மணி நேரம் பாக்கி.

சர்டிபிகேட் குடுக்கற சங்கத்துக்குப் போன் போட்டன். "ஏனுங் கண்ணு, பதினெட்டு வருசமா ஒரே கம்பெனில நாயமாத்தான் இருக்கறன். அதுல ஒரு மூணு மணி நேரத்தைக் கழிச்சுக்க முடியாதுங்களா?"ன்னு கேட்டன். அந்தப் புள்ள சிரிக்கவே இல்லீங்க. "மேடம், நீங்க நேர்மையா இருந்ததுக்கு அட்டெண்டன்ஸ் சர்டிபிகேட் ஏதாச்சும் வச்சிருக்கறீங்களா?"

காலி மேஜை

சின்ன மொதலாளிகிட்ட விசயத்தைச் சொன்னன். அவரு சத்தம் போடற ஆளில்லீங்க. மெதுவாத்தான் பேசுவாரு. அடுத்த மாசம் மொத வாரத்துல வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வாராங்க, எச்.ஆர். சர்டிபிகேட் உசுரோட இருக்குதான்னு பாப்பாங்க, இல்லீன்னா அந்தச் சீட்டுல வேற ஆளு உக்காரோணும்னாரு. சொல்லிப்போட்டுக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, எனக்கு ஆறுதலா ஒண்ணு சொன்னாரு பாருங்க: "வெசனப்படாதீங்க அக்கா, உங்க பழைய டைம் ஆபீஸ் மேஜையில இன்னும் யாரையும் உக்கார வைக்கலீங்க."

பேரு சொல்லாத கொள்கை

எனக்கு ஒரு கெரகம் புடிச்ச பழக்கமுங்க. யாரு வந்து பேசுனாலும் அவிங்க குரல் என்ற வாயில ஒட்டிக்கும். இருமல், இழுவை, மூக்கை உறிஞ்சறது எல்லாத்தோடயும் ஒட்டிக்கும். மத்தியானம் கேன்டீன்ல டிபன் பாக்ஸைத் தொறந்தா, "மல்லிகாக்கா, இன்னிக்கு யாருங்க?"ன்னு சுத்தி உக்காந்துக்குவாங்க. நானும் உட்டு வெளாசுவன். ஆனா பேரு மட்டும் சொல்ல மாட்டன். அது என்ற கொள்கைங்க. எச்.ஆர். ஆச்சே!

அன்னிக்குச் சின்ன மொதலாளி குரலைப் போட்டன். கண்ணாடி தொடைக்கறது, காலி மேஜை, எல்லாம். வவுறு எரியறப்பதான் எனக்கு நடிப்பு நெம்ப நல்லா வரும். ஸ்டோர்ஸ் ரவி, எங்கூடவே வேலைக்குச் சேந்த பய, சோறு பொறையேற பொறையேறச் சிரிச்சுப்போட்டுச் சொன்னான்: "அக்கா, அவரே இங்க வந்து பேசுனாலும் இத்தனை பொருத்தமா இருக்காதுங்."

அந்தம்மா பேசறாங்க

மொதல்ல கம்ப்யூட்டர்லயே எதிக்ஸை முடிச்சுப்போடலாம்னு வீடியோவைப் போட்டன். ஒரு அம்மா சிரிச்ச மொகமாப் பேசுது. வேகமா ஓட்டிப் பாக்க முடியாது. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா 'இருக்கிறீர்களா?'ன்னு ஒரு கட்டம் வரும், அதை அமுக்கோணும். அமுக்குலீன்னா மறுக்கா மொதல்ல இருந்து. எதிக்ஸ் படிக்கறவன் ஏமாத்துவான்னு அவிங்களுக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க.

ஒண்ணரை மணி நேரம் தாண்டிப்போட்டன். அப்பப் பாத்து ஃபிட்டர் ஒருத்தரு, இ.எஸ்.ஐ. கார்டுல சம்சாரம் பேரு தப்பா வந்துருச்சுன்னு வந்து நிக்கறாரு. "சித்தெ இருங்ணா, எதிக்ஸ் ஓடிட்டு இருக்குது"ன்னு கையைக் காட்டுனன். வீடியோல அந்தம்மா 'ஊழியர் பேச வரும்போது உங்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள்'னு சொல்லுது. நானும் தலையாட்டிட்டு அந்தம்மாவையே பாத்துட்டு இருக்கறன். அந்த நேரத்துல கரண்டு போச்சு. ஒண்ணரை மணி நேரமும் கூடவே போச்சு. இருட்டுல அந்த அண்ணன் குரல் மட்டும் வந்துச்சு: "இப்பவாச்சும் என்னையக் கவனிப்பீங்களா மேடம், அந்தம்மாதான் போயிருச்சே?"

ரெண்டு கையெழுத்து

இனி இது ஆவாதுன்னு, காந்திபுரத்துல ஒரு லாட்ஜு மாடி ஹால்ல சனிக்கெழம நடக்கற நேரடி கிளாஸுக்குப் பேரு குடுத்தன். கீழ டவுன் பஸ் ஹாரன், மேல எதிக்ஸ். போனா நம்மாட்டமே முப்பது மொகம், எல்லாம் தூக்கமில்லாத எச்.ஆர். மொகம். வாசல்ல நோட்டு வச்சிருந்தாங்க. டீக்கு முன்னால ஒரு கட்டம், டீக்குப் பொறவு ஒரு கட்டம். எனக்கு முன்னால இருந்தவரு ரெண்டுலயும் ஒரேடியாப் போட்டாரு. நானும் போட்டன். முப்பது பேரும் அப்படித்தானுங்க போட்டிருந்தோம்.

பாடம் எடுக்க வந்த சாரு, அறுபது வயசு இருக்கும், நோட்டைக் கையில எடுத்துப் பாத்தாரு. எங்களைப் பாத்தாரு. மறுக்கா நோட்டைப் பாத்தாரு. "டீக்குப் பொறவு இருப்பமா போயிருவமான்னு உங்களுக்கே தெரியாது. உங்க கையெழுத்துக்கு மட்டும் எப்படீங்க தெரிஞ்சுது?"

மதுக்கரை வரைக்கும்

டீக்குப் பொறவு ஆளுக்கு ஒரு அனுபவம் சொல்லோணும்னாரு. பேரு சொல்லக்கூடாதுன்னாரு. நான் எந்திரிச்சன். இரும்பு உருக்கி வார்க்கற எங்க ஃபவுண்டரில ஒரு பெரியவரு. அவரு மகளைக் கட்டுன மாப்பிள்ளையே அவருக்கு மேல சூப்பர்வைசரா வந்துட்டான். ஊட்டுல "வாங்க மாப்பிள்ளை"ங்கறதும், ஃபவுண்டரில "லீவு வேணும் சார்"ங்கறதும் முடியலீன்னு என்ற ரூமுக்கு வந்து கண்ணுல தண்ணி உட்டவரு. அதை அப்படியே அவரு கொரல்லயே சொன்னன். மூணு வார்த்தைக்கு ஒருக்கா தொண்டையைச் செருமுவாரு, "அக்குருமமுங்க"ம்பாரு. ஹாலே உருண்டு சிரிக்குது. எனக்கு ஒரே பெருமை.

மதுக்கரையில இருந்து வந்த ஒரு எச்.ஆர். அண்ணன் கண்ணைத் தொடைச்சுட்டே, "அட, இது நம்ம மாணிக்கமுங்களே! எங்ககிட்ட பத்து வருசம் இருந்தவராச்சே. மாப்பிள்ளைகிட்ட இந்தப் பாடுங்களா?"ன்னாரு. இன்னும் பெருசா சிரிப்பு. நானும் சிரிச்சன். சாரு மட்டும் சிரிக்கலீங்க. சிரிப்பு அடங்கற வரைக்கும் பொறுத்திருந்து, தன்மையாத்தான் சொன்னாரு: "நீங்க பேரு சொல்லலீங்கம்மா, நெசந்தான். ஆனா அவரு ஊட்டுக் கஷ்டம் இப்ப மதுக்கரை போய்ச் சேந்துருச்சுங்களே."

ரவிக்குத் தெரியாதது

கிளாஸ் கேட்டாப் பத்தாதாம். 'ஒருவர் நம்பிச் சொன்ன விசயத்தை நீங்கள் எப்படிக் காப்பாற்றினீர்கள்'னு ஒரு பக்கம் எழுதிப் புதன்கெழமைக்குள்ள அனுப்புனாத்தான் மூணு மணி நேரம் ஏறுமாம். ஞாயித்துக்கெழம பூராவும் பேனாவைப் புடிச்சுட்டு உக்காந்தன். பதினெட்டு வருசத்துல எத்தனை பேரு வந்து சொல்லியிருக்கறாங்க! ஒவ்வொண்ணா நெனைச்சுப் பாத்தா, எல்லாத்தையும் கேன்டீன்ல ஓட்டிப்போட்டிருக்கறன்.

ஒண்ணாச்சும் வெளிய போகாம இருந்திருக்கும்னு, ரவிக்குப் போன் போட்டன். "டேய், நான் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்த விசயம் ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா?"ன்னு கேட்டன். அவன் நெசமாலுமே யோசனை பண்ணிப்போட்டுத்தான் சொன்னான்: "அப்படி ஒண்ணு இருந்திருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமுங்களாக்கா?"

செல்வி

திங்கக்கெழம காலையில வைண்டிங் செக்ஷன் செல்வி ஒரு பேப்பரைக் கொண்டாந்து மேஜைல வச்சுது. வேலையை உட்டு நின்னுக்கறன், ஒடம்பு சரியில்லைன்னு ரெண்டு வரி. (செல்விங்கறது நான் வச்ச பேருங்க. மாணிக்கமும், மேல வந்த மத்தவிங்களும் அப்படித்தான். செக்ஷனும் மாத்தியாச்சு, அந்தப் புள்ளகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறன். தேடாதீங்க.) மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுத்தறதுல அது கை மாதிரி எங்க கம்பெனில கை கெடையாது. ஊட்டுக்காரருக்கு வேலை இல்ல, ரெண்டு கொழந்தைங்க. இந்த வேலையை உட்டா அதுக்கு வேற வழியே இல்லீங்க.

"ஒடம்புக்கு என்ன அம்மணி?"ன்னன். "ஒண்ணுமில்லீங்"ன்னுது. "சூப்பர்வைசரு ஏதாச்சும் சொன்னாரா?" தரையைப் பாத்துட்டு நின்னுது. "எங்கிட்டச் சொல்றதுக்கென்ன, நான் எச்.ஆர். தானே"ன்னன். அப்பத்தான் நிமுந்து பாத்துச்சுங்க. கோவமே இல்லாம, நேரம் கேட்டாச் சொல்ற மாதிரிச் சொல்லுச்சு: "உங்ககிட்டச் சொன்னா மத்தியானம் கேன்டீன்ல என்ற குரல் கேக்குமுங்களே மேடம்."

கருப்பு மை

கதவைச் சாத்திட்டு, ஒரு பேச்சும் பேசாம தண்ணி ஊத்திக் குடுத்தன். பத்து நிமிசம் கழிச்சு அதுவாச் சொல்லுச்சு. செக்ஷன் செவுத்துல சூப்பர்வைசர் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கறாராம். பொம்பளைங்க பாத்ரூம் போனா, எந்த டேபிளு, போன நேரம், வந்த நேரம், எல்லாம் கருப்பு மையில எழுதறாராம். செல்விக்கு முந்துன வாரம் ஒடம்பு முடியல, ஒரே நாள்ல நாலு தடவை போயிருக்குது. நாலையும் எழுதி, சுத்தி வட்டம் போட்டு, ஆம்பளைங்க முன்னால சத்தமாப் படிச்சாராம். 'வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறனுங். என்ற பேரு வெளிய வந்துச்சுன்னா அன்னிக்கே போயிருவன்'னு சொல்லிப்போட்டு, ராஜினாமாப் பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகிட்டுப் போயிருச்சு.

நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க. சின்ன மொதலாளிகிட்ட, "ஆடிட்டுக்காரங்க நடக்கற வழியை நாமளும் ஒருக்கா நடந்து பாத்தரலாமுங்க"ன்னு கூட்டிட்டுப் போயி, அந்தப் பலகைக்கு நேரா நின்னுக்கிட்டன். அவரு படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுக்கா படிச்சாரு. சூப்பர்வைசரைக் கூப்பிட்டாரு, வழக்கம்போல மெதுவாத்தான்: "ஏனுங்க, பஸ் ஸ்டாண்டுல மாட்ட வேண்டிய போர்டை எதுக்குங்க இங்க மாட்டியிருக்கறீங்க?"

இருநூறு வார்த்தை

பலகை அன்னிக்கே எறங்கிருச்சு. செவ்வாக்கெழம ஒக்காந்து என்ற ஒரு பக்கத்தை எழுதுனன். 'ஐயா, நேத்து வரைக்கும் ஒண்ணும் காப்பாத்துனதில்ல. நேத்திருந்து ஒண்ணு இருக்குது. அது என்னன்னு உங்களுக்கும் சொல்ல முடியாது.' அவ்வளவுதான். அனுப்பிப்போட்டு, டைம் ஆபீஸ் மேஜையைத் தொடைக்கோணும்போலன்னு நெனைச்சுட்டே உக்காந்திருந்தன்.

சாயங்காலம் சாரே கூப்பிட்டாரு. "நெம்ப சரியா எழுதியிருக்கறீங்கம்மா. ஆனா இருநூறு வார்த்தைக்குக் கொறைஞ்சாக் கம்ப்யூட்டரு வாங்காதுங்களே, என்ன பண்றது?"

தொண்டை

மிச்ச வார்த்தைக்கு, மாணிக்கத்தண்ணனைப் போயிப் பாத்து மன்னிப்புக் கேட்டதை எழுதி ரொப்புனன். அவரு செருமிட்டு "உடுங்கம்மா"ன்னாரு. வாய்தான் சொல்லுச்சு, மூஞ்சி சொல்லல. புதன்கெழம செவப்பு வரி பச்சையாயிருச்சு. சந்தோசப்படக்கூடத் தெம்பு இல்லீங்க.

வெள்ளிக்கெழம மத்தியானம் கேன்டீன். அடுத்த மேஜையில வைண்டிங் பொம்பளைங்க, அதுல செல்வி. வைண்டிங் சூப்பர்வைசர் தட்டைத் தூக்கிட்டு வந்து எனக்கு எதுத்தாப்புல உக்காந்தாரு. "எவளோ உங்ககிட்ட வந்து ஓதியிருக்கறா மல்லிகாக்கா. பேரெல்லாம் வேண்டாமுங், உங்க கொள்கை எனக்குத் தெரியும். அந்தக் குரலை மட்டும் ஒருக்கா போட்டுக் காட்டுங்க பாக்கலாம்"னாரு. சுத்தி எல்லாம் சோத்தை உட்டுப்போட்டு என்ற வாயையே பாக்குது. ரவி ஸ்டூலையே இழுத்துப் போட்டுட்டான். எனக்கு நாக்கு நுனில நிக்குதுங்க அந்தக் குரல், தரையைப் பாத்துப் பேசற அந்த இழுவையோட. அடுத்த மேஜையில டம்ளரு சத்தம்கூட நின்னுபோச்சு. நான் ரசத்தை ஊத்திப் பெசைஞ்சன். ஒரு வா தின்னன். இன்னொரு வா தின்னன். தட்டு காலியாகற வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு, சூப்பர்வைசரு சலிச்சுப்போயி ரவியைக் கேட்டாரு: "என்னப்பா, அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போச்சா?"

சர்டிபிகேட்டு செவுத்துல தொங்குது, செல்வி எப்பவும்போல கம்பி சுத்துது, நான் மட்டும் தெனமும் மத்தியானம் அரை மணி நேரம், கணக்குல ஏறாத எதிக்ஸைச் சோத்தோட சேத்து முழுங்கிட்டு இருக்கறனுங்க.