விசில் வந்தால்தான் வண்டி நகரும்

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். பகலெல்லாம் ஓட்டியது போதாதென்று, மாலையில் டிவி முன்னால் உட்கார்ந்து அக்காவோடு கார் ரேஸ் விளையாடுவார். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். அநேகமாக மாமாதான் கழுவுவார்.

அக்காவும் அதே டிப்போதான். அவர் வண்டியிலேயே கண்டக்டராக இருந்தவள், கல்யாணமும் அப்படி வந்ததுதான். மூட்டுவலி வந்ததும் அவளை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று வருடமாக அவளுடைய விசில் சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது. இருவரும் சேர்ந்திருப்பது அந்த ஒரு மணி நேர விளையாட்டில் மட்டும்தான்.

அதற்கும் வேட்டு வைப்பதுபோல மாமா ஒரு வி.ஆர். ஹெட்செட் வாங்கி வந்தார். பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். எதிர் பிளாட்டில் இருக்கும் எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முகத்தில் டப்பாவைக் கட்டிக்கொண்டு காற்றில் கை வீசுவதெல்லாம் ஒரு விளையாட்டா? முதல் நாள் டீபாயை உதைத்தார். இரண்டாம் நாள் ரேஸ் ஓட்டித் தலைசுற்றி சோபாவில் சாய்ந்தார். மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற மனுஷன்!

அக்கா சிரிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள இருந்துகிட்டே வீட்டுல இல்லாத ஆளை இப்பதான்டி பாக்கறேன்" என்றாள். பாத்திரத்தைத் தானே கழுவினாள். ஆறாம் நாள் காலை, ஹெட்செட்டைத் திருப்பி எடுத்துப்போக மறுநாள் ஆள் வரச்சொல்லிப் பதிவும் செய்துவிட்டாள். எனக்கு மனசே சரியில்லை.

அன்று மாலை, கடைசியாக ஒருமுறை என்று மாமா ஒரு பஸ் விளையாட்டைப் போட்டார். அவர் பார்ப்பதெல்லாம் டிவியிலும் தெரிந்தது. பயணிகள் ஏறினார்கள், கதவு மூடியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. தாமதத்துக்குப் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன.

"ஏன் மாமா எடுக்கல?"

"விசில் வரலையேம்மா."

"இது கேம் மாமா! இதுல கண்டக்டரே கிடையாது."

"தெரியுது. கை கேக்க மாட்டேங்குது."

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள். வண்டி புறப்பட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரு விசிலுக்கு நின்றார், இரண்டு விசிலுக்கு எடுத்தார். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று டிவிக்குள் இருந்தவர்களை அக்கா அதட்டினாள். கடைசி நிறுத்தத்தில் மாமா ஹெட்செட்டைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார்.

"இத்தனை வருஷம் நின்னுகிட்டே வந்தே. இப்ப நீ உக்காந்து ஓட்டு, நான் விசில் அடிக்கிறேன்."

முதல் திருப்பத்திலேயே அக்கா பஸ் நிறுத்தக் கூரையை இடித்துத் தள்ளினாள். "ஐயோ, ரோடு எவ்வளவு பெருசா இருக்கு!" என்று கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தனியாக விளையாடுகிறவர்களுக்கு அது இன்னும் வெறும் டப்பாதான் என்பதில் நான் மாறவில்லை, அது வேறு விஷயம்.

மறுநாள் மாலை காலிங்பெல் அடித்தது. ஹெட்செட்டை எடுத்துப்போக வந்த ஆள். அக்கா அதை மாட்டிக்கொண்டு மும்முரமாகக் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மாமா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"வண்டி ரூட்ல போயிட்டிருக்கு தம்பி. பாதி வழியில டிரைவரை இறக்க முடியாது."

கதவைச் சாத்திவிட்டு வந்து இரண்டு விசில் கொடுத்தார்.