இரட்டையாய் முறுக்கிய பியூஸ் கம்பி

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று இழுபறியாக இருந்த சமயம். நான் புத்தூரில் ஒரு மின்சாமான் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டில், சென்னை மாநிலத்தோடு சேர விரும்பிய தமிழ்க் கிராமங்களின் மனுக்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவற்றை எல்லையை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அதுதான் கடைசி நாள்.

அன்று காலை, அங்கே டீ போடும் கரண்ட் அடுப்பின் கம்பிச்சுருள் அறுந்துவிட்டதென்று என்னிடம் கொண்டுவந்தார்கள். புதுச் சுருள் கைவசம் இல்லை. கருகிய துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை முறுக்கி இணைத்தேன். மீட்டரில் வைத்துப் பார்த்தேன். நாங்கள் விற்ற அடுப்புதான். புதிதில் 220 வோல்ட்டில் நாலு ஆம்பியர் இழுத்தது, இப்போது ஐந்தரை இழுத்தது. வகுத்துப் பார்த்தேன்: 55 ஓமாக இருந்த தடை 40 ஆகியிருந்தது. பெருக்கினால், 880 வாட்ஸ் 1210 ஆகியிருந்தது. அந்த வீட்டு பியூஸோ ஐந்து ஆம்பியர்தான் தாங்கும். எல்லாம் தெரிந்தும் கொண்டுபோய் மாட்டினேன்.

"தண்ணி இன்னா சுருக்கா கொதிக்குது பாரு. அடுப்புக்கு எளமை திரும்பிடுச்சிய்யா" என்றார் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. கணக்கைச் சொல்ல நாக்கு எழவில்லை.

சிறிது நேரத்தில் பியூஸ் போயிற்று.

"இன்னாப்பா, அதுக்குள்ள கெழவனாயிட்டானா?" என்றார் அவரே.

மறுபடி சிரிப்பு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பியூஸ் கம்பியை இரட்டையாய் முறுக்கிக் கட்டினேன். இனி பியூஸ் போகாது, சுவரில் ஓடும் பழைய ஒயர்தான் சுடும். அடுப்பு எரிந்தது.

எல்லையோரக் கிராமத்திலிருந்து ஒரு கூலிக்கார அக்கா கடைசியாக வந்திருந்தாள். தன் ஊர் மனுவைத் திறந்த அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, டீக்காகச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"தம்பி, செவுத்து ஒயரு சுடுதேப்பா. இப்பிடித்தான் இருக்குமா?"

"கரண்ட் ஓடினா சுடத்தான் செய்யும்க்கா" என்றேன். தொழில்காரன் சொன்னதை அவள் நம்பினாள்.

மாலை ஆறு மணிக்கு அந்த ஒயர் பற்றி, எரிந்தபடியே அந்த அலமாரித் தட்டில் விழுந்தது. மண்ணைக் கொட்டி அணைத்தோம். மற்ற மனுக்கள் தகரப் பெட்டியில் இருந்ததால் தப்பின. அவளுடையது மட்டும் சாம்பல்.

"ஒவ்வொரு வூடா போயி, கையப் புட்ச்சி மை தடவி கைநாட்டு வாங்கிக்கினு வந்தது" என்றாள். அழவில்லை. யாரோ, "பழைய வூடு, இன்னா பண்றது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அந்தத் தாள் போயிருந்தால் எல்லை மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர்களும் கேட்டார்கள் என்பதே யாருக்கும் தெரியாமல் போனது என்னால்தான். அடுப்பு எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, அதை நாலு பேர் முன்னால் சொல்லத் தைரியமில்லை.

மறுநாள் காலை தகரப் பெட்டி பஸ்ஸில் போயிற்று. நான் அந்த வீட்டுக்குப் போய்ப் புது ஒயர் இழுத்துக் கொடுத்தேன்.