ஹால்வர்சன் வீட்டு நான்காவது நாற்காலி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். யாரையும் கெஞ்சி நம்ப வைக்கும் பொறுமை எனக்கு இப்போது இல்லை. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், முப்பது நாற்பது பேர் நடமாடிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் நடந்தது. நினைக்கும்போது பயம் வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்றைக்கும்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. சொந்த ஊர் கிர்கிஸ்தானில் நரின். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு படிக்க என்னை அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பா உடனே சம்மதித்துவிட்டார். அம்மாதான் கடைசி நாள் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பெர்மெத், ஒண்ணு சொல்லிடறேன். சனிக்கிழமை சனிக்கிழமை எனக்குப் போன்ல முகத்தைக் காட்டணும். ஒரு தப்பு என் கண்ணுல பட்டாலும் சரி, அடுத்த விமானத்துல உன்னை ஏத்திவிடச் சொல்லிடுவேன்."

அவள் ஒரு கடிதம் போட்டால் போதும், என் படிப்பு அத்தோடு முடிந்துவிடும். எனக்கோ அங்கே இருந்தே ஆக வேண்டும். எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஊர்ப் பழக்கம் ஒன்றை அம்மாவுக்கு இனிக்க இனிக்க விளக்குவேன். அவள் குற்றம் கண்டுபிடிப்பாள்.

"அந்தம்மாவைப் பேரைச் சொல்லியா கூப்பிடுற?"

"ஷெரில்னுதான் கூப்பிடணும்னு அவங்களே சொல்லிட்டாங்கம்மா."

"நாய் கட்டில்ல தூங்குதே! அப்ப நீ எங்க தூங்குற?"

நான் தங்கியிருந்த வீட்டின் தலைவி ஷெரில். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். தங்கமான மனுஷி. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. சனிக்கிழமை காலையில் எங்காவது வீட்டுச் சாமான் விற்பனை நடந்தால் போயே தீர வேண்டும்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அறுவடை முடிந்த சோளக்காட்டுக்கு நடுவே தனியாக ஒரு வெள்ளை வீடு. அக்கம்பக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

வாசலில் அந்த வீட்டு மகன் நின்றிருந்தான். கர்ட் ஹால்வர்சன். ஐம்பது வயது இருக்கும். கையில் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"உங்க அம்மா தவறிட்டாங்கன்னு நினைக்கும்போது ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார் ஷெரில்.

"நன்றி" என்றான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவ்வளவுதான்.

உள்ளே போனோம்.

படுக்கையறையில் இரண்டு பெண்கள் மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அலமாரியிலிருந்த நைட்டியைத் தன் மேல் வைத்து அழகு காட்ட, மற்றவர் சிரித்தார். தைத்து முடிக்காத துணி ஊசியோடு கிடந்தது. அதற்கும் விலைச்சீட்டு. பாதி தீர்ந்த, கையில் பூசும் கிரீமுக்கும் விலைச்சீட்டு. எனக்கு அப்போதே வயிறு எரிந்தது. ஆனால் ஊர் வழக்கம், நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன்.

பத்து மணி ஆயிற்று. நரினில் இரவு ஒன்பது. அம்மா போனுக்காகக் காத்திருப்பாள். அந்த வெள்ளை வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைத்தது. அங்கே போய் நின்றேன்.

வட்ட மேசை. சுற்றி நான்கு நாற்காலிகள். சிவப்பு இருக்கைகள். விற்பனையைக் கவனித்த பெண் ஒருத்தி நான்காவது நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தாள்.

"சனியன், மறுபடியும் விழுந்துடுச்சு" என்று விலைச்சீட்டை எடுத்து அழுத்தி ஒட்டினாள். இரண்டடி நகர்ந்திருப்பாள். சீட்டு தரையில் கிடந்தது.

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கூட்டம் அந்த அறை வழியாகத்தான் தோட்டத்துக்குப் போய் வந்தது. எல்லோரும் மற்ற மூன்று நாற்காலிகளை இடித்துக்கொண்டு போனார்கள். நான்காவதை மட்டும் ஒருவரும் இடிக்கவில்லை. சற்று விலகி, வளைந்து போனார்கள். அதைத் தெரிந்து செய்வதாகவும் தோன்றவில்லை.

அம்மா திரையில் வந்தாள்.

"இது யார் வீடு?"

"ஹால்வர்சன்னு ஒரு அம்மாவோட வீடு. அவங்க இறந்துட்டாங்க. இங்க ஒரு பழக்கம்மா. ஆள் போயிட்டா வீட்டைத் தொறந்து வச்சு, இருக்கிற சாமான் எல்லாத்துக்கும் விலை ஒட்டிடுவாங்க. யார் வேணா வந்து வாங்கலாம்."

"சொந்தக்காரங்களா?"

"இல்ல. யாரோ."

"யாரோ வந்து செத்தவங்க அலமாரியைத் தொறப்பாங்களா?"

"ம்."

"உள்பாவாடையையுமா விப்பாங்க?"

"அதுலயும் சீட்டு இருக்கும்மா."

அம்மாவின் மூக்கு சிவந்தது. "உங்க பெரியப்பா போனப்ப அவர் சட்டையை ஆளுக்கு ஒண்ணா அழுதுக்கிட்டே வாங்கிக்கிட்டோம். விலையா கேட்டோம்? இங்க பாரு, பின்னாடி ஒருத்தி சிரிக்கிறா. இதைத்தான் நல்ல பழக்கம்னு காட்டறியா?"

"அம்மா, கோவப்படாம கேளு..."

"நீ முதல்ல அந்தம்மாவுக்கு சலாம் சொல்லு. வந்து எவ்வளவு நேரமாச்சு! பெரியவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற."

"எந்தம்மா?"

"உன் பின்னாடி உட்கார்ந்திருக்காங்களே."

திரும்பினேன்.

மேசை. நான்கு நாற்காலிகள். யாரும் இல்லை.

"யாரும் இல்லையேம்மா."

"நடிக்காதடி! ரெண்டு மாசத்துல கண்ணு அவிஞ்சு போச்சா? சிவப்பு நாற்காலியில, பூப்போட்ட சட்டை போட்டுக்கிட்டு. கால்ல செருப்புகூட இல்ல, வெறும் சாக்ஸ். அவங்க வீட்டுக்குள்ள இத்தனை பேர் பூட்ஸோட நடக்கிறாங்க. ஒருத்தராவது முகம் பாத்துப் பேசுறாங்களா?"

என் போன் திரையை உற்றுப் பார்த்தேன். மூலையில் சின்னதாகத் தெரிந்த என் படம். என் தோளுக்குப் பின்னால் அந்த நாற்காலி. காலி.

விரலை நீட்டினேன். "இங்கயா?"

"விரலை நீட்டாத! பெரியவங்களை விரலால காட்டுவியா? கையை மடக்கு!"

அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். விளையாடவும் தெரியாதவள். அதிலும் இந்த விஷயத்தில்... மரியாதை விஷயத்தில்... அவள் விளையாடவே மாட்டாள்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடினால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் அடுத்த விமானம். வேறு வழியில்லை. நெஞ்சில் கையை வைத்தேன். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் குனிந்தேன். எங்கள் மொழியிலேயே சலாம் சொன்னேன். வழியில் போன ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ம். இப்பத்தான் தலையை ஆட்டுறாங்க" என்றாள் அம்மா. பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா ரொம்பக் கோவமா இருக்காங்கடி. உன் மேல இல்ல."

அம்மா தன் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். அதனால் நான் நின்ற அறையின் சத்தமே ஒரு நொடி தாமதித்து எனக்குத் திரும்பக் கேட்கும். என் குரல் கேட்டது. கூட்டத்தின் சிரிப்பு கேட்டது.

டக்... டக்... டக்...

மேசையை விரலால் தட்டும் சத்தம்.

அறையில் அந்தச் சத்தம் இல்லை. போனில் மட்டும்தான் இருந்தது.

தொப்பி வைத்த ஒரு தடியான ஆள் உள்ளே வந்தார். "நாலும் எனக்குத்தான். பணம் கட்டியாச்சு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையிலும் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிப் போனார். திரும்பி வந்து மூன்றாவதைக் கொண்டு போனார்.

நான்காவதைப் பிடித்தார். நகரவில்லை.

"என்னய்யா இது? இதுக்குள்ள ஈயத்தையா ஊத்தி வச்சிருக்கீங்க?"

போனில் அம்மா கத்தினாள். "அடப்பாவி! பெரிய மனுஷி உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியை இழுக்கிறானே! பெர்மெத், தடுடி! பாத்துக்கிட்டு நிக்கிறியே!"

அந்த நொடியில் என் பயம் எங்கே போனதோ தெரியாது. எனக்கும் கோபம் தலைக்கு ஏறியது. நைட்டியை வைத்துச் சிரித்த அந்தப் பெண், முடிக்காத தையல், அதில் குத்தியிருந்த ஊசி... எல்லாம் சேர்ந்துகொண்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"இதை எடுக்காதீங்க."

சத்தம் கேட்டு கர்ட் வந்தான். பின்னாலேயே ஷெரில்.

"யார் இந்தப் பொண்ணு? இது உன் வீடா?"

"மன்னிச்சுக்குங்க, வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பொண்ணு" என்று ஷெரில் என் கையைப் பிடித்தார். முகம் சிவந்து போயிருந்தது. "செல்லம், விடு. எல்லாரும் பாக்கிறாங்க."

"விட மாட்டேன். இவரோட அம்மா இதுலதான் உட்கார்ந்திருக்காங்க."

கர்டின் சாவி ஆட்டம் நின்றது.

"என்ன சொன்ன?"

"பூப்போட்ட சட்டை. கால்ல சாக்ஸ் மட்டும். ரொம்பக் கோவமா இருக்காங்க."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் உளறுகிறேன் என்று அவன் சிரித்திருக்க வேண்டும். திட்டியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. நாற்காலியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"சீக்கிரம் ஏத்துங்க."

இன்னொரு ஆளும் வந்தான். ஷெரில் என்னை இழுத்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். முக்கினார்கள். கால்கள் தரையில் கீறின.

திடீரென்று இருவரும் பின்னால் சாய்ந்தார்கள். நாற்காலி காகிதம் போலத் தூக்கிக்கொண்டது.

"எழுந்துட்டாங்க" என்றாள் அம்மா.

அவள் இப்போது கத்தவில்லை.

கர்ட் பின்கதவைத் திறந்து வெளியே போனான்.

"அவன் பின்னாடி போறாங்க."

"அம்மா..."

"மெதுவாத்தான் நடக்கிறாங்க. ஆனா... போறாங்க."

பின்கதவு மூடியது. காற்று இல்லை. யாரும் தொடவில்லை.

போனில் அந்த டக்... டக்... எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

இணைப்பு அறுந்தது.

வெளியே ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரம் இருந்தது. அதற்கும் விலை ஒட்டியிருந்தார்கள். பத்து நாற்பது.

திரும்பும் வழியெல்லாம் ஷெரில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார். மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. அந்த நாற்காலியில் யாரும் இல்லை, வேறு யார் கண்ணுக்கும் அவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். பெட்டியைக் கட்டச் சொல்லப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ அங்கயே இரு" என்றாள். கோபம் குறையவே இல்லை. "அந்த ஊர்ல பெரியவங்களுக்கு சலாம் சொல்ல ஒருத்தியாவது இருக்கட்டும். ஆனா இன்னொரு தடவை அந்த மாதிரி வீட்டுக்குள்ள கால் வச்ச, காலை ஒடிச்சுடுவேன்."

கதை இதோடு முடிந்திருந்தால் நானே காலப்போக்கில் அதை அம்மாவின் கண் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த புதன்கிழமை. காலைச் சாப்பாட்டு மேசையில் ஷெரில் செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"ஆர்டிஸ் ஹால்வர்சன்... வயசு எண்பத்தேழு... சனிக்கிழமை காலையில..."

"எந்தச் சனிக்கிழமை?"

அவர் செய்தித்தாளைக் கசக்கி மேசையில் அடித்தார். ஷெரில் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"வருத்தமா இருக்குன்னு சொன்னேன்! கண்ணைத் தாழ்த்தி நன்றி சொன்னானே, பாவி! அவங்க அப்ப உயிரோட இருந்திருக்காங்க!"

உயிரோடுதான் இருந்திருக்கிறார். ஷெரில் வீடு இருந்த அதே ஊரில், முதியோர் காப்பகத்தில், எட்டு மாதமாகப் படுத்த படுக்கையாக. நான் தினமும் பள்ளிக்கு நடந்து போகும் வழியில்தான் அந்தக் கட்டடம் இருந்தது. அங்கே தாதியாக இருந்த ரோண்டா, ஷெரிலோடு தேவாலயத்துக்கு வருபவர். அன்று மாலை வீட்டுக்கு வந்தார். எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துவிட்டு ஷெரில் கேட்டார்.

"என்னதான் நடந்துச்சு ரோண்டா?"

"அந்த மகன் இருக்கானே, உடம்பு தேறினதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச் சொல்லியே ஏமாத்தியிருக்கான். வீட்டை விக்கிறான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. யாரும் சொல்லல. ஆனா அன்னிக்கு விடிஞ்சதிலேருந்து ஒரே சத்தம். 'என் சமையல்கட்டுல யார் யாரோ நிக்கிறாங்க, வெளிய போகச் சொல்லு'ன்னு. ஊசி போடலாமான்னு டாக்டரைக் கேட்டோம். நடுவுல திடீர்னு அமைதியாகி, யாருமே இல்லாத இடத்தைப் பாத்துத் தலையை ஆட்டினாங்க. யாரோ அவங்களை விசாரிச்ச மாதிரி."

என் கையிலிருந்த கோப்பையை ஷெரில் வாங்கிக் கீழே வைத்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடியும் கோவம். போர்வையைத் தள்ளிட்டாங்க. பத்தே முக்கால் இருக்கும். ரொம்பத் தெளிவா, என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க."

ரோண்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"'நான் கர்டோட காருல ஏறிட்டேன். பின்சீட்டுல உட்கார்ந்திருக்கேன். அவன் இன்னும் திரும்பிப் பாக்கல'ன்னாங்க. அதுக்கப்புறம் மூச்சு இல்ல."