கைக்குட்டை அக்காவின் மூன்றாவது கேள்வி

வாடிக்கையாளர் கொண்டுவந்த துணியை அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். “கொசுவத்தி ஏத்துறீங்களா?” என்பாள். எதிரே நிற்பவர் அசந்துபோவார். “ஆமாம்மா, தினமும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” அவள் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவாள். “மெஷின் எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல சன்னலுக்கு வலை அடிங்க. நீங்களே புகையைப் போட்டுட்டு, அதைப் பிடிக்க இன்னொண்ணை வாங்கி வைப்பீங்களா?” என்றபடி துணியை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் பெரிய கடை அது. துணி துவைக்கும் மெஷின்களையும் ஃபிரிட்ஜ்களையும் தாண்டி, தண்ணீர் கேன் வைத்திருக்கும் மூலைக்கு வந்தால் காற்றைச் சுத்தம் செய்யும் ஏர் பியூரிஃபையர்கள். உயரமானவை, குட்டையானவை, தூண்போல் உருண்டையாக ஒன்று, ஆக மொத்தம் ஒன்பது. ஏழு வருடமாக அந்த ஒன்பதுக்கும் அவள்தான் பொறுப்பு. மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பா நிறைய, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி ஓரம் தைத்த வெள்ளைத் துணிகள். பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே தைப்பது. கேலிக்காகத்தான் “கைக்குட்டை அக்கா” என்று பெயர் வைத்தார்கள். இன்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கடையில் பாதிப்பேர் முழிப்பார்கள்.

யார் வந்து மெஷின் கேட்டாலும் முதலில் ஒரு துணிதான் கிடைக்கும். “இதை நனைச்சுப் பிழிஞ்சு, படுக்கிற ரூம்ல அலமாரி மேல ஒரு தடவை துடைங்க. காயவச்சு, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டாங்க.” வாங்க வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்புகிறாளே என்று மேனேஜர் ஆரம்பத்தில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். நான்கு மாதம் கழித்துக் கணினியைப் பார்த்தவர் அடங்கிப்போனார். மற்ற மூலைகளில் விற்ற சாமான்கள் திரும்பி வந்தன. இவள் விற்றது ஒன்றுகூட வரவில்லை. அதன்பிறகு துணிக்கு நூல்கண்டு அவர் செலவு.

துணி திரும்பி வந்ததும் மூன்று கேள்வி கேட்பாள். யாருக்கு? ரூம் எவ்வளவு பெரிசு? வீட்டில் யார் புகை பிடிக்கிறார்கள்?

முதல் இரண்டுக்கும் ஜனங்கள் வாயாரப் பதில் சொல்வார்கள். அம்மாவுக்குத் தும்மல், காலையில் எழுந்ததும் இருபது முப்பது. வீட்டுக்காரருக்குக் கண் அரிப்பு. பக்கத்தில் கட்டடம் இடிக்கிறார்கள், சிமெண்டுத் தூசி. எல்லாவற்றையும் கேட்டு, நீள அகலத்தைத் தாளில் எழுதி, “உங்க ரூமுக்கு இந்தக் குட்டை பத்தாது, மணிக்கு நாலு தடவையாவது ரூம் காத்தை இழுத்து விடணும்” என்றோ, “அவ்வளவு பெரிசு எதுக்கு? சின்னதே போதும், மிச்சத்துல மாத்து ஃபில்டர் வாங்கி வைங்க” என்றோ சொல்வாள். பூனை வளர்ப்பவருக்கு ஒன்று, தெருப்புகை வரும் வீட்டுக்குக் கரி ஃபில்டர் கனமாக உள்ள வேறொன்று. “மழை வாசனை வரும்னு சொல்லி ஒண்ணு விப்பாங்க. அந்த வாசனையே நெஞ்சுக்கு ஆகாது, வாங்காதீங்க” என்று எச்சரிப்பாள். கதவைச் சாத்தி வைக்க வேண்டும், சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, தரைத்தூசிக்கு ஈரத்துணிதான் வைத்தியம். வகுப்பெடுக்கிற டீச்சரே தோற்றுப்போவார்.

மூன்றாவது கேள்விக்குத்தான் கடை அமைதியாகும். “வீட்லயா? சேச்சே, யாருமில்ல” என்று சொல்பவர்கள் பலர். அவள் துணியை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பாள். தூசி சாம்பல் நிறம். சிகரெட் புகை படிந்த இடத்தைத் துடைத்தால் துணி பழுப்பேறி, பிசுபிசுவென்று இருக்கும், நாள்பட்ட வாடை அடிக்கும். கணவன் மனைவியைப் பார்ப்பார், மனைவி கூரையைப் பார்ப்பாள். “அதை நிறுத்துங்க, இல்லாட்டி வெளிய போய்ப் பிடிங்க. அதுக்கப்புறம் வாங்க, மெஷின் தர்றேன்” என்று பட்டென்று சொல்லிவிடுவாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் அலமாரியைத் துடைக்கச் சொல்பவள், தன் வீட்டு அலமாரியைத் துடைத்துப் பார்த்ததே இல்லை.

இரண்டு ரூமும் ஒரு ஹாலுமாக மூன்றாவது மாடியில் வீடு. கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் இரண்டு மாதம் கரையில் இருந்தால் அதிகம். வீட்டில் அவள், அவளைப் பெற்ற அப்பா, ஏழு வயது மகள். அப்பா முப்பத்தொரு வருடம் தொலைதூர பஸ் ஓட்டியவர். மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, தனக்கிருந்த ஒற்றை ரூமைக் காலிசெய்து, ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். “நீ வேலைக்குப் போ, நான் இருக்கேன்ல” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் இன்றுவரை இவளுடைய வேலை ஓடுகிறது. பேத்திக்கு அவர் வைத்த பெயர் குருவி. சோறூட்டியது, நடை பழக்கியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவர்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையால் ரெட்டைப்பின்னல் போட்டுவிட்டால், சாயங்காலம் வரை ஒரு மயிர் பிரியாது.

அப்பாவின் சிகரெட் அவருடைய டிரைவர் வேலையோடு வந்தது. ஓய்வு பெற்றபோது கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. “சன்னல்கிட்டதானம்மா பிடிக்கிறேன்” என்பார். முகம் வெளியே இருக்கும், காற்று உள்ளே அடிக்கும். குருவிக்கு மூச்சில் விசில் கேட்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. எத்தனையோ முறை சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கியிருக்கிறாள். இந்த வயதில், இவ்வளவு செய்தவரிடம், உங்களால்தான் என் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிடுவார் என்று பயந்தாள். அவர் அப்படிப்பட்டவர்தான்.

அதனால், யாருக்கும் செய்ய விடாத காரியத்தை அவளே செய்தாள். ஒன்பதில் ஆக உயரமானதை வாங்கிக் கொண்டுபோய் ஹாலில் வைத்தாள். ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு மெஷின்.

அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “இனி கவலை விட்டுச்சு” என்றார். மறுநாளிலிருந்து சன்னலுக்குப் போவதை நிறுத்தினார். மெஷினுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, புகையை அதன் வாயைப் பார்த்து ஊதினார். “பாரேன், எப்படிக் குடிக்குது!” என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். மெஷின் விளக்கு சிவந்து, முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. இவள் பார்த்தாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்தாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மாடிப்படி ஏறும்போது குருவி உட்கார்ந்துவிட்டாளாம், உதடு நீலம் பாரித்திருக்கிறதாம். கடைச் சீருடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அப்பா ஏற்கெனவே அங்கே இருந்தார், செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. குருவிக்கு முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தன. பெற்றவள் பார்க்கக் கூடிய காட்சியில்லை அது. டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். “வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?”

அவளுடைய மூன்றாவது கேள்விதான் அது. ஏழு வருடமாக அதற்கு எத்தனை பொய் கேட்டிருக்கிறாள், எத்தனை பேரைத் துணியைக் காட்டி மடக்கியிருக்கிறாள். அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

“இல்ல டாக்டர்” என்றாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. செருப்பில்லாத தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் குருவி வீட்டுக்கு வந்தாள். அந்த வாரம் முழுக்க அப்பாவும் மகளும் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஹாலில் புகைவாடையும் குறையவில்லை. ஆனால் அவர் பழையபடி சன்னலுக்கே போயிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம். கைக்குழந்தைக்கு மெஷின் கேட்டு வந்த ஓர் இளைஞரிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். துணி பழுப்பாகத்தான் இருந்தது. “மொட்டை மாடில போய்த்தான் பிடிக்கிறேங்க” என்றார் அவர்.

“பிடிச்சிட்டு அப்படியே வந்து பிள்ளையைத் தூக்குவீங்க, இல்ல? புகை காத்துல மட்டும் இருக்காது தம்பி. சட்டைல உட்கார்ந்துக்கும். விரல்ல உட்கார்ந்துக்கும். தலையணை வரைக்கும் கூட வரும். அதை எந்த மெஷினும் பிடிக்காது.”

இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். வரிசையில் இருந்து நகர்ந்து வந்தவர் அப்பா. கையில் டோக்கன் சீட்டு, இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, இளைஞரிடம் அவள் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கும். குருவி கொஞ்சம் தள்ளி, ஒரு ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து உள்விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கவரை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு வெள்ளைத் துணி. ஓரத்தில் அவளுடைய தையல்.

“அலமாரி மேல துடைச்சது. குழந்தை படுக்கிற ரூம். பாத்துச் சொல்லுங்க” என்றார்.

சொல்லுங்க. பிறந்ததிலிருந்து அவளை நீ என்று அழைத்தவர். அந்த ‘ங்க’ எதற்கென்று அவளுக்குப் புரிந்தது. வீட்டில் மகளால் சொல்ல முடியாததைக் கடைக்காரியால் சொல்ல முடியும் என்று பார்த்து வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்த பிறகு, அவள் பின்வாங்க இடமில்லை.

துணியை எடுத்தாள். விரித்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை, முகரவும் இல்லை. தாளையும் பேனாவையும் எடுத்துவைத்துக்கொண்டாள்.

“யாருக்கு?”

“என் பேத்திக்கு.”

“ரூம் எவ்வளவு பெரிசு?”

“பத்துக்குப் பன்னெண்டு. அடி வச்சு அளந்துட்டுத்தான் வந்தேன்.”

எழுதினாள். பேனா தாளிலேயே நின்றது. பின்னால் காத்திருந்தவர்கள் தங்கள் பேச்சில் இருந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வீட்ல யார் புகை பிடிக்கிறாங்க?”

அப்பா துணியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதை மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளிக்கவில்லை. வைத்துவிட்டு, “நான்தாம்மா” என்றார். “ஆஸ்பத்திரில நீ ‘இல்ல’ன்னு சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும். வாய் வரல” என்றார்.

“எனக்கும்தான்ப்பா வரல.”

“இன்னும் பெரிய மெஷின் ஏதாவது இருக்கா?”

“இருக்கு. உங்களுக்கு அதை விக்க மாட்டேன்” என்றாள். “எங்கயும் போயிடாதீங்கப்பா. அதை மட்டும் விட்டுடுங்க. நீங்க இல்லாம எங்களால முடியாது.”

அவர் தலையாட்டினார். டோக்கன் சீட்டை நான்காக மடித்துத் துணியோடு சேர்த்துக் கவரில் போட்டுக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் முன்னால் வந்து, பக்கத்து வீட்டு மரத்தூள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவர்கள் தோளுக்கு மேலே அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, போலாமா?” என்று குருவி ஓடிவந்து கையை நீட்டினாள். எப்போதும் அந்தக் கையை முழுசாக வாங்கித் தன் கைக்குள் வைத்துக்கொள்பவர், “இரு” என்றார். தண்ணீர் கேனுக்குப் போய், குழாயைத் திருகி, கீழே வாளி வைத்திருந்த இடத்தில் குனிந்து கையைக் கழுவினார். விரல் விரலாக இன்னொரு முறை கழுவினார். வழக்கம்போல் சட்டையில் துடைக்கப் போனவர், சட்டையைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். ஈரக்கைகளை உடம்பில் படாமல் விரித்துப் பிடித்தபடி, அவை காயும்வரை நின்றார். பிறகு குழந்தையிடம் ஒற்றை விரலை மட்டும் நீட்டினார்.